பால்சட்டிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

ஜனவரி 12, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். நேற்று மாலைப் பூசையில் பாதிரியார், "நோயாளிகளுக்காகவும் தனிமையில் வாடுபவர்களுக்காகவும் மன்றாடுவோம்" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும்தான். ஆனால் நான் மன்றாடியது, மியூனிக்கிலிருந்து வரும் சாலையில் ஒரு லாரி குறுக்கே கவிழட்டும் என்று. ஓட்டுநருக்குக் கீறல்கூட விழக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டேன். வெங்காய லாரியாக இருந்தால் நல்லது, பொறுக்கி எடுக்க நேரமாகும்.

பலிக்கவில்லை. இன்று காலை எட்டேகாலுக்கே என் பனிச்சறுக்கு லிஃப்டின் முன்னால் நானூறு பேர்.

வெள்ளி இரவு முப்பது சென்டிமீட்டர், நேற்று இரவு இன்னும் பத்து. எப்போதும் வெள்ளி இரவுதான்! திங்கள் முதல் வியாழன் வரை வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். வெள்ளி சாயங்காலம் மியூனிக்கில் ஆபீஸ் விட்டதும் இங்கே மேகம் கூடும். இரண்டு பேருக்கும் ஏதோ ஒப்பந்தம்.

பத்தொன்பது குளிர்காலமாக இந்த லிஃப்டின் அடியில் நிற்கிறேன். கம்பிவடத்தில் தொங்கியபடி நாலு பேர் உட்காரும் நாற்காலி சுற்றிக்கொண்டு வரும், பிடித்து நிதானப்படுத்தி ஆட்களை ஏற்றிவிட வேண்டும். மேலே கொண்டுபோய்ப் பால்சட்டியின் விளிம்பில் இறக்கிவிடும். அகலமான பள்ளம், பனி விழுந்தால் பால் ஊற்றின சட்டி. பார்க்கப் பத்து நிமிடம் அழகு. அப்புறம் இவர்கள் இறங்கிவிடுவார்கள்.

இன்று ஒருவன், கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டு:

"மேல யாரும் கால் வைக்காத பனி எப்போங்க கிடைக்கும்?"

"செவ்வாய்க்கிழமை வாங்க சார்."

"நாங்க இன்னைக்கு சாயங்காலமே கிளம்பிடுவோமே."

"அப்ப நிச்சயமா கிடைக்கும்."

சிரித்துக்கொண்டேதான் போனான். நான் சொன்னது பாதிதான் விளையாட்டு. செவ்வாய் எனக்கு விடுமுறை. எனக்கு ஒரு செவ்வாய்ப் பனி வேண்டும், ஒன்றே ஒன்று. பிப்ரவரி பதினொன்றாம் தேதி என் மனைவி புர்கிக்கு இன்ஸ்ப்ருக்கில் இடது இடுப்பு மூட்டை மாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை பால்சட்டியில் இறங்க வேண்டும் என்கிறாள். கலையாத பனியில். கூட்டம் புரட்டிப் போட்ட கட்டிப் பனியில் ஒவ்வொரு மேடும் இடுப்பில் சுத்தியல் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். புதுப்பனி வலிக்காதாம்.

முப்பது நாள் இருக்கிறது. ஒரு நாள் கேட்பது பேராசையா?


ஜனவரி 14, செவ்வாய்

விடுமுறை. நீல வானம். புர்கி ஜன்னலைத் திறந்து, "அடடா, என்ன அழகான நாள்!" என்றாள், என்னைச் சீண்டுவதற்கென்றே. கொட்டகைக்குப் போய்ச் சாயங்காலம் வரை விறகு பிளந்தேன். இரண்டு குளிர்காலத்துக்குப் போதும்.


ஜனவரி 18, சனி

வெள்ளி இரவு இருபத்தைந்து சென்டிமீட்டர். எதிர்பார்த்ததுதான்.

சனிக்கிழமை எங்கள் ஊரில் படுக்கை மாறும் நாள். பழைய விருந்தாளிகள் பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், புதியவர்கள் மூன்று மணிக்கு வருவார்கள். அது மற்ற சனிக்கிழமைகளில். புதுப்பனி விழுந்த சனிக்கிழமையில் பழையவர்கள் போவதில்லை, புதியவர்கள் விடிவதற்கு முன்னால் வந்துவிடுகிறார்கள். ஒரே கட்டிலுக்கு இரண்டு குடும்பம், இரண்டும் என் வரிசையில்.

ஒரு டச்சுக் குடும்பம், ஐந்து பேர். நாற்காலியில் நாலு இடம். "நாங்க பிரிய மாட்டோம்" என்றார் அப்பா. "கல்யாணமா பண்ணி வைக்கிறேன், ஏழு நிமிஷம்தாங்க" என்றேன். ஐந்து பேரும் ஓரமாக நின்று ஆலோசித்தார்கள். பின்னால் முந்நூறு பேர் நின்று அந்த ஆலோசனையைக் கேட்டார்கள். கடைசியில் பிரிந்தது அப்பாதான். தனியாகப் போனபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் குடும்பம் பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு, லிஃப்டின் மேல்முனை நிலையத்திலிருந்து கஸ்பர் போன் பண்ணினான். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"டேய் வெண்டல், பால்சட்டியைப் பாத்தியா? உழுது போட்ட உருளைக்கிழங்கு வயல்டா."

"தெரியும்டா. வை போனை."

"இன்னும் மூணு வாரம் இருக்குல்ல?"

வைத்துவிட்டேன்.


ஜனவரி 21, செவ்வாய்

பெய்தது! செவ்வாய்க்கிழமை! முப்பத்தைந்து சென்டிமீட்டர், இறகு மாதிரி!

ஆறு மணிக்கே இரண்டு பேரும் தயார். சறுக்குக் காலணியை நான்தான் மாட்டிவிட்டேன், அவளால் குனிய முடியாது. சமையலறையில் அந்தக் காலணியோடு டக்கு டக்கென்று நடந்தாள். பன்னிரண்டு வயசுப் பெண் மாதிரி. காப்பி கூடக் குடிக்கவில்லை.

ஆறேமுக்காலுக்குப் போன். பனிச்சரிவுக் குழு பால்சட்டியை மூடிவிட்டது. காற்று பனியை ஒரே பக்கமாக ஒதுக்கித் தள்ளியிருக்கிறதாம், எந்த நேரமும் சரியலாமாம். குழுவின் தலைவன் யார்? புர்கியின் தம்பி அல்புயின். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அல்புயின், அக்கா பேசுறேன்."

"தெரியுதுக்கா."

"ஒரு தடவைடா. ஓரமாவே போயிடுறேன்."

"அக்கான்னு பாத்து அது விழாம இருக்குமா? காலணியைக் கழட்டு."

தானாகச் சரிவதற்கு முன்னால் சரித்துவிட மத்தியானம் வெடி வைத்தார்கள். பால்சட்டியில் பாதி அப்படியே பெயர்ந்து அடியில் போய் விழுந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் ஆடியது. அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அதுதான் எரிச்சல் — திட்டக்கூட வழியில்லை.

காலணியைக் கழற்றிவிட்டேன். "சும்மா போட்டுப் பாத்தேன், இறுக்கமா இருக்கான்னு" என்றாள். அதற்கு நான் ஏதாவது கிண்டல் சொல்லியிருக்க வேண்டும். காலணியைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.


ஜனவரி 25, சனி

வெள்ளி இரவு இருபது சென்டிமீட்டர். சனி காலை கார் வரிசை ஊருக்கு வெளியே இருக்கும் மலைச் சுரங்கப்பாதை வரைக்கும். வேறு என்ன எழுத?


ஜனவரி 29, புதன்

புதனன்று பனி என்று வானொலியில் அடித்துச் சொன்னார்கள். கஸ்பரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டேன். விடியும்போது வந்தது தெற்கிலிருந்து சூட்டுக் காற்று. பன்னிரண்டு டிகிரி. கூரையிலிருந்து ஒழுகுகிறது. மாடுகள் வசந்தம் வந்துவிட்டது என்று கத்துகின்றன. இருந்த பனியும் கஞ்சியாகிவிட்டது.

மேசையில் உட்கார்ந்து வானொலிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்:

"போகட்டும் விடு புர்கி. புது மூட்டு போட்டதும் அடுத்த வருஷம் என்னை விட வேகமா போவ. என்னைத் தூக்கிட்டே போவ."

வெட்டுவதை நிறுத்தினாள்.

"அடுத்த வருஷம் கிடையாது."

"ஏன்?"

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சமமா உருட்டின சரிவுல மெதுவா போகலாமாம். ஆழமான பனி இனிமே கூடாதாம். முறுக்கினா மூட்டு கழண்டுக்குமாம்."

"எப்பச் சொன்னாங்க?"

"அக்டோபர்ல."

அக்டோபரில்! நான் இந்தக் குளிர்காலம் முழுக்க வெங்காய லாரிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், விளையாட்டு மாதிரி. இவள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு — ஏன்டி சொல்லல? என்னை என்ன பால்காரன்னு நெனச்சியா, வாசல்ல வச்சுப் பேசி அனுப்புறதுக்கு? இப்படித்தான் கத்தினேன். சத்தம் அதிகம்தான்.

"சொன்னா நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுப்ப. அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு லிஃப்ட்ல நின்னா கூட்டம் வராது" என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம் கொட்டகைக்குப் போனேன். பிளக்க விறகு இல்லை.


பிப்ரவரி 1, சனி

கூட்டம். எழுதப் பிடிக்கவில்லை.


பிப்ரவரி 4, செவ்வாய்

கடைசிச் செவ்வாய். தூறல்.


பிப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் ஆரம்பித்தது. கோழி இறகைப் பிய்த்து உதறுகிற மாதிரி பெரிய பெரிய துணுக்கு. நிற்கவில்லை. வியாழனில் ஆரம்பித்தால் வெள்ளி முடிந்துவிடும், வெள்ளியில் முடிந்தால் — கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் சனிக்கிழமையில் வந்து நிற்கிறது.

திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.


பிப்ரவரி 8, சனி

தொண்ணூறு சென்டிமீட்டர். இந்தக் குளிர்காலத்திலேயே பெரிய பனி. அல்புயின் எல்லாவற்றையும் மூடிவிட்டான். நாள் முழுக்க மேலே வெடிச் சத்தம். கீழே என் லிஃப்டின் கதவடியில் ஆயிரம் பேர், மூடியிருக்கிறது என்று பலகையில் படித்த பிறகும் என்னிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ள.

"எப்பத் திறப்பீங்க?"

"நாளைக்கு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"எட்டரை."

"எட்டு மணிக்கே திறக்கக் கூடாதா?"

"மலைகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

இதையே முந்நூறு தடவை. ஒரு பெண்மணி என் பெயரைக் குறித்துக்கொண்டார். கடைசி எழுத்தை விட்டுவிடாதீர்கள் என்றேன்.

சாயங்காலம் மேலாளரைப் பார்க்கப் போனேன். ப்ளாட்னர், முப்பத்தொரு வயசு, நல்ல பையன்தான். நாளைக்கு ஒரு மணி நேரம் விடு என்றேன். காலைச் சோதனைக்குப் போகும் சறுக்குப் பாதைக் காவலர்களோடு புர்கியும் ஏறிக்கொள்ளட்டும் என்றேன்.

"அண்ணே, குடும்பத்தாளுங்களைச் சோதனைக்கு ஏத்தக் கூடாதுன்னு விதி. உங்களுக்கே தெரியும்."

"ஒரு மணி நேரம் விடுப்பாவது கொடு."

"நாளைக்கு நாலாயிரம் பேர் வருவாங்கண்ணே. உங்களை எங்கண்ணே விட?"

நாலாயிரம் பேருக்கு ஏழு நிமிடம் ஏழு நிமிடமாகக் கொடுக்கலாம். ஒருத்திக்குக் கிடையாது. அவனைத் திட்டவும் முடியவில்லை, அவன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இந்த ஊரில் ஒருவனாவது அநியாயமாக நடந்துகொண்டால் என்ன?

வீட்டில் புர்கி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இரவு உடுப்பு, செருப்பு, பல்துலக்கி.


பிப்ரவரி 9, ஞாயிறு

களைப்பு. அப்புறம் எழுதுகிறேன்.


பிப்ரவரி 11, செவ்வாய்

இன்ஸ்ப்ருக், ஆஸ்பத்திரித் தாழ்வாரம். காலை ஏழரைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டில் திரும்பும்போது, "வெளில என்ன கிழமை பாரு" என்றாள். பார்த்தேன். பனி கொட்டுகிறது. செவ்வாய்க்கிழமை. தள்ளிக்கொண்டு போன பெண்ணுக்கு நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையை எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு நான் நிலையத்துக்குப் போனபோது கதவடியில் ஏற்கெனவே ஓர் ஆள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தேநீர்ப் புட்டியோடு. புர்கி. நான் வண்டி எடுப்பதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரரின் பால் வண்டியில் வந்துவிட்டாளாம்.

"காலணி யாரு மாட்டினது?"

"ஒரு மணி நேரம் போராடி ராத்திரியே மாட்டிட்டேன். அப்படியே படுத்துட்டேன்."

நான் பக்கத்திலேயே படுத்திருந்தேன், கவனிக்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனம்.

எட்டு மணிக்கு அவளுக்குப் பின்னால் ஐந்நூறு பேர். எட்டரைக்குக் கதவைத் திறந்தேன். முதல் நாற்காலி. அவளை மட்டும் ஏற்றி, பாதுகாப்புக் கம்பியை இறக்கிவிட்டு, கதவை மூடினேன். துடைப்பத்தை எடுத்து, வந்த நாற்காலிகளில் இருந்த பனியை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தேன். நிதானமாக. முதுகுப் பக்கமும் சேர்த்து.

முன்னால் நின்ற மியூனிக்காரர் கொதித்துவிட்டார்.

"அந்தம்மா மட்டும் எப்படிங்க போறாங்க?"

"அது பரிசோதனை சார்."

"என்ன பரிசோதனை?"

"இடுப்பு."

எட்டு நாற்காலி காலியாகப் போனது. அதற்கு மேல் தட்டப் பனி இல்லை, திறந்துவிட்டேன். பணியாளர் வாசல் வழியாக ப்ளாட்னரும் மின்வேலை பார்க்கும் ஃபெர்டியும் வந்து ஏறினார்கள். இருவர் காலிலும் புதுப்பனியில் சறுக்கும் அகலமான பலகை. மேலே ஏதோ உணரியைப் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும்.

எட்டு நாற்காலி என்றால் ஒரு நிமிடம்தான். அவளுக்கு விளிம்பில் நின்று மூச்சு வாங்கவே மூன்று நிமிடம் வேண்டும். கஸ்பர் போனில்:

"இறங்கிட்டா. விளிம்புல நிக்கிறா. டேய், பின்னாடி வர்றவனுங்க சறுக்குக் கோலை இப்பவே பிடிச்சுட்டு உக்காந்திருக்கானுங்கடா."

பத்தொன்பது குளிர்காலத்தில் காரணமில்லாமல் லிஃப்டை நிறுத்தியதில்லை. கை கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போனது. அழுத்தினேன்.

சத்தம் நின்றது. கம்பிவடம் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. காற்றில் இருநூறு பேர் காலை ஆட்டிக்கொண்டு. எல்லோரும் என்ன ஆயிற்று என்று கீழே பார்த்தார்கள்.

நான் மேலே பார்த்தேன். வலது பக்கம் பால்சட்டி முழுசாகத் தெரியும். ஒரு கோடு கூட இல்லை. விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் விழுந்தது — விழவில்லை, இறங்கியது. முழங்கால் வரை, சில இடத்தில் இடுப்பு வரை பனி. அவள் அவசரப்படவில்லை. இடது, வலது, இடது, வலது. பின்னால் பனித்தூள் எழுந்து மெதுவாக அமர்ந்தது. முப்பத்தொன்று வளைவு எண்ணினேன். முப்பத்தொன்றும் ஒரே அளவு. என் அப்பா கூட வயலில் அப்படி நேராக உழுததில்லை. தொங்கிக்கொண்டிருந்தவர்களும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்த மியூனிக்காரரும்தான்.

அடியில் வந்து நின்றாள். திரும்பி, பனியில் தான் வரைந்த கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கையெல்லாம் ஆட்டவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்தில் வந்ததும் கேட்டேன்:

"வலிக்குதா?"

"இப்ப வலிக்குது. அங்க வலிக்கல." புட்டியைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி எனக்கு நீட்டினாள். "லிஃப்ட் ஏன் நிக்குது?"

"நின்னுடுச்சு."

"அப்படியா" என்றாள். சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனாள்.

இதோ நர்ஸ் வந்தார். நல்லபடியாக முடிந்துவிட்டதாம். மயக்கம் தெளிய ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரை மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அவள் போனதும் லிஃப்டைக் கிளப்பப் பார்த்தேன். கிளம்பவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன். நிறுத்துவதற்கு இரண்டு பொத்தான் உண்டு. சாம்பல் நிறப் பொத்தான் சாதாரணமாக நிறுத்த. சிவப்புப் பொத்தான் பெரிய விபத்துக்கு. சிவப்பை அழுத்தினால் சாவி போட்டுத் திருப்பினால்தான் விடும். நான் சிவப்பை அழுத்தியிருக்கிறேன். சாவி ஃபெர்டியின் இடுப்பில். ஃபெர்டி ஒன்பதாம் தூணுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து பதினொரு மீட்டர் உயரத்தில், மேலாளரின் அருகில்.

வாக்கி-டாக்கியில் விஷயத்தைச் சொன்னேன். சறுக்குப் பாதைக் காவலன் ஒருவன் அடியில் போய் நின்று கையை விரித்தான். ஃபெர்டி சாவியைப் போட்டான். காவலனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தொண்ணூறு சென்டிமீட்டர் புதுப்பனி. ஒரு சின்னத் துளை தெரிந்ததாம், பிறகு அதுவும் மூடிக்கொண்டதாம். நாலு பேர் மண்வெட்டியோடு தோண்டினார்கள். மாற்றுச் சாவி பள்ளத்தாக்கு அலுவலகத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்த கார், சுரங்கப்பாதை வரை நின்ற கார் வரிசையின் கடைசியில் நின்றது.

லிஃப்ட் நின்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். நின்ற நேரம் 8.37, கிளம்பிய நேரம் 9.32 என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'காற்று' என்று எழுதினேன். சாயங்காலம் ப்ளாட்னர் அதைப் படித்தான். அன்று ஊரில் எல்லாப் புகைபோக்கியிலும் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

முதல் சாவி இன்னும் கிடைக்கவில்லை.